உறங்கும் பூனையின் மூச்சை எண்ணுங்கள்

வெயிலில் ஓடிவிட்டு வந்த நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தால், ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். பூனை அப்படி இரைத்தால், கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பூனை மூக்கால் மூச்சு விடும் பிராணி. வண்டிப் பயணத்தில் மிரண்டுபோனாலோ, குட்டிகள் ஒன்றையொன்று துரத்தி விளையாடி முடித்தாலோ சில நொடிகள் வாயைத் திறக்கலாம், உடனே மூடிக்கொள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது என்றால், அதுவரை உள்ளுக்குள்ளேயே சமாளித்துக்கொண்டிருந்த சக்தியெல்லாம் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

அந்த நிலைக்கு வருவதற்கு முன் பல மணி நேரம், சமயங்களில் பல நாள், அதற்கு மூச்சு சரியில்லாமல் இருந்திருக்கும். நமக்குத் தெரிந்திருக்காது. எலியையும் அணிலையும் பிடிக்கும் பூனை, நாய்க்கும் நரிக்கும் தானே இரையாகக்கூடிய சின்ன உயிரும்கூட. பலவீனத்தை வெளியில் காட்டாமல் இருப்பது அதன் ரத்தத்தில் ஊறியது. மூச்சுக்குத் திண்டாடும் பூனை கத்தாது. ஓடிவந்து மடியில் விழாது. கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ போய், முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு அசையாமல் உட்காரும். அலமாரி மேல் தாவுவதை நிறுத்தும். சாப்பாட்டுத் தட்டுக்கு வரும். இரண்டு வாய் தின்றுவிட்டுத் திரும்பிவிடும். வீட்டில் இருப்பவர்கள் ‘வெயிலுக்கு மந்தமா கிடக்குது’ என்பார்கள்.

‘ரெண்டு நாளா சரியா சாப்பிடல டாக்டர், இன்னிக்குக் காலைலதான் இப்படி ஆச்சு.’ தமிழ்நாட்டில் எந்த ஊர்ச் செல்லப்பிராணி மருத்துவமனையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் இப்படி ஒரு குரல் காதில் விழும். அந்த இரண்டு நாளில் யாராவது ஒருவர் அதன் மூச்சை எண்ணிப் பார்த்திருந்தால் பல பூனைகள் பிழைத்திருக்கும். இந்தக் கட்டுரையில் வாசகர் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், அது இந்த எண்ணும் பழக்கமாக இருக்கட்டும்.

எண்ணுவது சுலபம். பூனை அசந்து தூங்கும் நேரமாகப் பாருங்கள். விலா ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கைபேசியில் 30 நொடி வைத்து எண்ணி, இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். மீசையும் பாதமும் துடிக்கக் கனவு காணும்போதும், குர்குர் என்று சத்தம் போடும்போதும் எண்ண வேண்டாம், கணக்கு தப்பும். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் பூனை தூக்கத்தில் நிமிடத்துக்கு 15 முதல் 30 தடவை மூச்சு விடும். நம் பூனையின் வழக்கமான எண் எவ்வளவு என்று அது நன்றாக இருக்கும்போதே தெரிந்துவைத்துக்கொள்வது முக்கியம். 20 மூச்சு விடும் பூனை ஒரு வாரத்தில் 32க்குப் போயிருந்தால், அது ஓடியாடிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தூக்கத்திலேயே 40ஐத் தாண்டினால் அது அவசரம்.

எண்ணிக்கையோடு, ஒவ்வொரு மூச்சுக்கும் அது படும் பாட்டையும் கவனிக்க வேண்டும். சாதாரணமாகத் தூங்கும் பூனையின் நெஞ்சும் வயிறும் சேர்ந்து மெல்ல எழும்பும். நெஞ்சு உள்ளே போகும்போது வயிறு வெளியே தள்ளுகிறது, வயிறு உள்ளே போகும்போது நெஞ்சு எழும்புகிறது என்றால் மூச்சுத் தசைகள் களைத்துப்போய்விட்டன. முழங்கை இரண்டையும் அகட்டி, கழுத்தை முன்னால் நீட்டி, பக்கவாட்டில் படுக்க மறுத்து உட்கார்ந்திருக்கும் பூனையும் அதே கஷ்டத்தில்தான் இருக்கிறது. ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளிர் ரோஜா நிறம் மாறி வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

சத்தத்தையும் கேட்டுப் பழகலாம். மூச்சை இழுக்கும்போது குறட்டை மாதிரியோ கொரகொரவென்றோ சத்தம் வந்தால் கோளாறு பெரும்பாலும் மூக்கிலோ தொண்டையிலோ இருக்கிறது. மூச்சை வெளியே விடும்போது இழுப்புச் சத்தம் கேட்டால், அல்லது வயிற்றை எக்கித் தள்ளி வெளியேற்றினால், நுரையீரலுக்குள் இருக்கும் சிறு குழாய்கள் சுருங்கியிருக்கின்றன. சத்தமே இல்லாமல், மேலோட்டமாக, வேக வேகமாக மூச்சு ஓடினால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். அனுபவமுள்ள மருத்துவர் பூனையைத் தொடுவதற்கு முன்பே, மேஜையிலிருந்து இரண்டடி தள்ளி நின்று பார்ப்பது இதைத்தான்.

வெறும் சளிதானே?

தும்மல், மூக்கில் நீர், ஒட்டிப்போன கண். பூனை வளர்க்கும் வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. மழையில் நனைந்ததால், குளிப்பாட்டியதால், ஏசியில் படுத்ததால் சளி பிடித்துவிட்டது என்று காரணம் சொல்வார்கள். காரணம் அது அல்ல. பூனைகளுக்கு வரும் மூக்குச் சளியில் மிகப் பெரும் பங்குக்கு இரண்டு வைரஸ்கள் பொறுப்பு: பூனை ஹெர்பீஸ், பூனை கலிசி. இவற்றோடு கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா, போர்டெடெல்லா போன்ற பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்ளும். ‘கேட் ஃப்ளூ’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்தக் கூட்டத்தைத்தான்.

ஹெர்பீஸ் வந்தால் கண்ணும் மூக்கும் அதிகம் பாதிக்கப்படும். கண் சிவந்து வீங்கும். கருவிழியில் புண் வரும். கலிசியின் முத்திரை வாய்ப்புண். நாக்கின் ஓரத்திலோ அண்ணத்திலோ செக்கச்செவேல் என்று புண் தெரியும், எச்சில் ஒழுகும். சில குட்டிகள் திடீரென்று நொண்டும். அதுவும் கலிசியின் வேலையாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லும்போது தும்மலோடு இந்த நொண்டலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குளிப்பாட்டியதால் சளி வந்தது என்ற பேச்சிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஹெர்பீஸ் ஒரு தடவை வந்த பூனையை விட்டுப் போவதில்லை. நோய் ஆறிய பிறகும் நரம்பு முடிச்சுக்குள் பதுங்கிக்கொள்ளும். வீடு மாறினாலோ, புதிய பூனை வந்தாலோ, நாம் ஊருக்குப் போய் அதை வேறு இடத்தில் விட்டுவிட்டு வந்தாலோ, தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டாலோ அது மறுபடி தலைதூக்கும். பலவந்தமாகக் குளிப்பாட்டுவதும் அப்படி ஒரு மிரட்சிதான். அந்த மாதிரி நிகழ்ச்சி நடந்து ஒரு வாரம் கழித்துத் தும்மல் ஆரம்பித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பெரும்பாலான பூனைகள் ஒன்றிரண்டு வாரத்தில் தேறிவிடும். ஆனால் இரண்டு விஷயங்கள் ஒரு சளியை உயிர்ப் பிரச்சினையாக்கும். முதலாவது பட்டினி. பூனை வாசனையை வைத்துத்தான் சாப்பிடும். மூக்கு அடைத்தால் அதற்குச் சோறு சோறாகவே தெரியாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடக்கும் பூனைக்கு, முக்கியமாகக் கொழுத்த பூனைக்கு, உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் வந்து குவியும். சளிக்காகப் படுத்த பூனை மஞ்சள் காமாலையில் போய்ச் சேரும். இரண்டாவது, சளி கீழே இறங்கி நிமோனியாவாக மாறுவது. இரண்டு மாதம்கூட ஆகாத குட்டிகளும் வயதான பூனைகளும் இதற்கு முதலில் பலியாகும். எனவே ஒரு நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப்பட்டுவிட்டது, கண்ணைத் திறக்க முடியவில்லை, மூச்சு எண்ணிக்கை ஏறுகிறது என்ற நான்கில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. வயதான பூனைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் விடாமல் சளியோ ரத்தமோ வந்தால் அது சாதாரணத் தொற்றாக இருக்க வாய்ப்புக் குறைவு. பல்வேர்ச் சீழ், பூஞ்சை, கட்டி எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். பெர்சியன் பூனை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தட்டையான அந்த முகத்துக்குள் மூக்குத் துவாரம் கீற்றாகச் சுருங்கியிருக்கிறது; கண்ணீர்க் குழாயும் வளைந்து கிடக்கிறது. நாட்டுப் பூனை தாங்கிக்கொள்ளும் மூக்கடைப்பைப் பெர்சியன் தாங்காது. சென்னை வெயிலும் சேர்ந்தால் இன்னும் மோசம். வாங்குவதற்கு முன் துவாரத்தைப் பார்த்து வாங்குங்கள்; அழகுக்காக மேலும் மேலும் தட்டையாக்கி இனப்பெருக்கம் செய்பவர்களிடம் வாங்காதீர்கள்.

அந்த ஒரு மாத்திரை

பூனையின் இயல்பான உடம்புச் சூடு ஏறக்குறைய 100.4 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நல்ல பூனையின் காதைத் தொட்டாலே நம் கைக்குச் சுடும். தும்மும் பூனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘காய்ச்சல் அடிக்குது, பாவம்’ என்று குழந்தைக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப்பில் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். அல்லது மாத்திரையில் கால்வாசியைப் பொடித்துப் பாலில் கலக்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். அது விஷம்.

மனிதக் கல்லீரல் பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றப் பயன்படுத்தும் நொதி பூனையிடம் போதிய அளவு கிடையாது. தங்கிப்போகும் மருந்து ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி ஆக்கிவிடும். சில மணி நேரத்தில் ஈறு காப்பித்தூள் நிறத்துக்கு மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு பறக்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதில் ஒரு சிறு துண்டும் ஆபத்தானதே. முறிமருந்து இருக்கிறது: அசிட்டைல்சிஸ்டீன். ஆனால் அதை உடனே கொடுக்க வேண்டும். தெரியாமல் கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு மருத்துவரிடம் மறைக்காமல், எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளையும் நம் கையால் கொடுக்கக் கூடாது.

தைலம் விஷயமும் அப்படியே. நமக்கு மூக்கடைத்தால் நெஞ்சில் தைலம் தடவுகிறோம், நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடிக்கிறோம், கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்கிறோம். பூனையின் மேல் தடவியது எல்லாம் ஐந்து நிமிடத்தில் அதன் நாக்கு வழியாக வயிற்றுக்குள் போய்விடும். கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் அதற்கு நஞ்சு. வாயைப் பிளந்து கஷாயம் ஊற்றுவதும் வேண்டாம். திமிறும் பூனைக்கு அது நுரையீரலில் இறங்கும்.

வீட்டில் கிடக்கும் பழைய கண் சொட்டுமருந்து இன்னோர் ஆபத்து. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், ஹெர்பீஸ் புண் உள்ள கருவிழியை அது இன்னும் அரித்துவிடும். கண் நிரந்தரமாகப் போய்விடலாம்.

கைப்பக்குவம்

அப்படியென்றால் வீட்டில் எதுவுமே செய்யக் கூடாதா? செய்ய நிறைய இருக்கிறது. மருத்துவர் பார்த்து, இது மேல் மூச்சுப் பாதைத் தொற்று, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிய பிறகு பூனை பிழைப்பது பெரும்பாலும் வீட்டாரின் பொறுமையால்தான்.

மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்துச் சுடுநீரில் பாட்டிலை நிறுத்தி லேசாக வெதுவெதுப்பாக்கி, பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூக்கில் காய்ந்திருக்கும் பொருக்கின் மேல் அரை நிமிடம் வைத்திருங்கள். ஊறியதும் தானே கழன்று வரும். பிய்த்து எடுத்தால் புண்ணாகும். கண்ணுக்கு வேறு பஞ்சு, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் பஞ்சு. உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு தடவை இதைச் செய்தாலே பூனையின் முகம் தெளியும்.

ஆவிக்கு, குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சுடுநீர்க் குழாயைத் திறந்துவிட்டு, புகைமூட்டம் மாதிரி ஆவி நிறைந்ததும் குழாயை மூடிவிட்டுப் பூனையோடு பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். தண்ணீரில் எதையும் கலக்க வேண்டாம். அதற்கு மூச்சுத் திணறல் இருந்தால் இது கூடாது, மூக்கடைப்புக்கு மட்டும்தான்.

சாப்பாட்டில் வாசனைதான் மருந்து. மத்தியையோ நெத்திலியையோ உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரோடு மசித்து, கைபொறுக்கும் சூட்டில் வையுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும் என்பதால், நம் குழம்பு மீனைக் கழுவிப் போடுவதும் சரியில்லை. டப்பா உணவு கொடுப்பவர்களும் அதை லேசாகச் சூடாக்கினால் வாசனை எழும்பும். முகர்ந்துவிட்டுத் திரும்பினால் விரல் நுனியில் எடுத்து உதட்டில் ஒரு தடவு தடவுங்கள். நக்கிப் பார்த்துவிட்டுப் பல பூனைகள் தட்டுக்கு வந்துவிடும்.

மருத்துவர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதியிருந்தால் ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் குழாயையே அரித்துச் சுருக்கிவிடும். மாத்திரை விழுங்கியதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாகக் கொடுங்கள், அல்லது உடனே ஏதாவது சாப்பிட வையுங்கள். ஹெர்பீஸுக்கு லைசின் பொடி கொடுக்கும் பழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது. 2015இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, அதனால் பலன் இல்லை என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்தக் காசுக்கு நல்ல மீன் வாங்கலாம். கடுமையான ஹெர்பீஸுக்கு ஃபாம்சைக்ளோவிர் என்ற மருந்து உண்மையாகவே வேலை செய்கிறது. அளவை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும்.

வீட்டில் வேறு பூனைகள் இருந்தால், நோய்ப் பூனைக்குத் தனி அறை, தனித் தட்டு, தனி மணல் தட்டு. முதலில் நல்ல பூனைகளுக்குச் சாப்பாடு, கடைசியில் நோயாளிக்கு; பிறகு கை கழுவல். ஒரு தும்மலின் துளிகள் ஒன்றரை மீட்டர் வரை போகும். அதைவிட நம் கையும் சட்டையும்தான் அதிகம் பரப்புகின்றன. ஹெர்பீஸ் வெளியில் ஒரு நாள்கூடத் தாங்காது. கலிசி ஒரு வாரத்துக்கு மேலும் தரையில் உயிரோடு இருக்கும், சோப்புக்குச் சாகாது. பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு பூனையை விடுங்கள். பினாயில் வேண்டாம். பாதத்தில் ஒட்டி நாக்கு வழியாக உள்ளே போனால் பூனைக்கு அதுவும் விஷம். இந்த இரண்டு வைரஸும் மனிதருக்குத் தொற்றாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதற்காகப் பூனையைத் தெருவில் விட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

‘முடி மாட்டிக்கிச்சு போல’

பூனை தரையோடு தரையாகக் குனிந்து, கழுத்தை நீட்டி, ‘கஹ்... கஹ்...’ என்று பத்து தடவை எக்கும். வாந்தி எடுக்கப் போகிறது என்று பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடினால் ஒன்றும் வராது. கடைசியில் எதையோ விழுங்கிவிட்டு எழுந்து போய்விடும். ‘தொண்டையில் முடி மாட்டிக்கிச்சு போல’ என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது இருமல். முடி உருண்டையாக இருந்தால் எப்போதாவது ஒரு தடவையாவது அது வெளியே வந்து விழும். எதுவும் வராமல் வாரத்தில் இரண்டு மூன்று தடவை இப்படி எக்கினால், அது ஆஸ்துமாவாக இருக்கலாம்.

பூனைக்கு ஆஸ்துமாவா என்று கேட்பார்கள். நூற்றில் ஒன்று முதல் ஐந்து பூனைகளுக்கு இருக்கிறது என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. மனிதருக்கு வருவது போலவே மூச்சுக்குழாய் வீங்கி, சுருங்கி, சளி கோக்கிறது. தூண்டிவிடும் பொருள்கள் நம் வீடுகளில் தாராளமாக இருக்கின்றன: கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, சிகரெட், நறுமண ஸ்பிரே, தூசு பறக்கும் மணல் தட்டு. போகியன்று காலை சென்னையில் கண் எரியும் புகை தரைமட்டத்தில் தேங்கி நிற்கும்போது, ஆஸ்துமாப் பூனை உள்ள வீட்டில் ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும். கொசுவுக்குச் சுருளைவிட வலை நல்லது. சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்றால் அந்த ஒரு மணி நேரம் பூனையை வேறு அறையில் வைக்கலாம்.

நல்ல செய்தி, இதற்கு இன்ஹேலர் சிகிச்சை இருக்கிறது. ஸ்பேசர் குழாயின் ஒரு முனையில் மூக்கையும் வாயையும் மூடும் சின்ன முகமூடி. மறுமுனையில் மனிதர்கள் பயன்படுத்தும் அதே புளூட்டிகசோன் இன்ஹேலர். ஒரு தடவை அழுத்திவிட்டு ஏழெட்டு மூச்சு எண்ண வேண்டும். முகமூடியை வெறுமனே முகத்தில் வைத்து, பிடித்த தின்பண்டம் கொடுத்து, சில நாள் பழக்கினால் பெரும்பாலான பூனைகள் ஒத்துக்கொள்ளும். சுருங்கிய குழாயை உடனே விரிக்கச் சால்பியூட்டமால், உள்ளே உள்ள வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு என்ற வேறுபாட்டை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு வைத்திருக்கும் மருந்தையே தினமும் அடித்துக்கொண்டிருந்தால் வீக்கம் அடங்காது.

இதே இருமலைப் புழுவும் உண்டாக்கும். நத்தையிலிருந்து தொடங்கி, அதைத் தின்ற பல்லி, எலி, குருவி வழியாகப் பூனைக்குள் போய் நுரையீரலில் குடியேறும் ஒரு புழு இருக்கிறது. வெளியில் போய்ப் பல்லி வேட்டையாடும் பூனை இருமினால் மலப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். இருமல் வரும்போது கைபேசியில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். மருத்துவமனை மேஜையில் எந்தப் பூனையும் இருமிக் காட்டாது.

நெஞ்சில் நீர், நெஞ்சில் அடி

சளியும் இல்லை, தும்மலும் இல்லை, இருமலும் இல்லை. மூச்சு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அதிகம் பயப்பட வேண்டியது இந்த நிலைக்குத்தான். பூனைகளில் மிக அதிகமாகக் காணப்படும் இதய நோய், இதயத் தசை தடித்துப்போவது. மெயின் கூன், ராக்டால் போன்ற இனங்களில் இதற்கான மரபணுக் கோளாறே கண்டறியப்பட்டிருக்கிறது. நாட்டுப் பூனைக்கும் வரும். இதயம் தளர்ந்த நாய் இருமும். பூனை பெரும்பாலும் இருமாது. தூக்கத்து மூச்சு கூடுவது ஒன்றுதான் அது வெளியில் காட்டும் அடையாளம். மூச்சை எண்ணுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணமே இதுதான்.

நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே நீர், சீழ், நிணநீர் எது சேர்ந்தாலும் நுரையீரல் விரிய இடமில்லாமல் போகும். மருத்துவர் ஊசி வைத்து 100, 150 மில்லி நீரை உறிஞ்சி எடுத்த சில நிமிடத்தில் பூனை தலையை நிமிர்த்திச் சுற்றும்முற்றும் பார்ப்பதைக் கண்டவர்கள், சரியான நேரத்துச் சிகிச்சையின் அருமையை மறக்க மாட்டார்கள். அந்த நீர் மஞ்சளாகப் பிசுபிசுப்பாக இருந்தால் ‘எஃப்ஐபி’ என்ற கொரோனா வகை நோயைச் சந்தேகிப்பார்கள். சில ஆண்டுகள் முன்புவரை அது மரண தண்டனைதான். 2019இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் குழு, இயற்கையாக நோய் வந்த 31 பூனைகளுக்கு ஜிஎஸ்-441524 என்ற மருந்தைக் கொடுத்தது. பெரும்பாலானவை பிழைத்தன. இன்று அந்த நோய்க்குக் கைவிரிக்க வேண்டியதில்லை.

மாடியிலிருந்து விழுந்த பூனை நாலு காலில் நின்றுவிட்டது என்று நிம்மதியடைபவர்கள் நெஞ்சை மறந்துவிடுகிறார்கள். நியூயார்க்கில் உயரத்திலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவற்றுக்கு நெஞ்சில் அடிபட்டிருந்தது. நுரையீரல் கிழிந்து காற்று கசிந்தால் சில மணி நேரம் கழித்துத்தான் திணறல் தெரியும். விழுந்த பூனையை எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். அடுக்குமாடி வீட்டில் பால்கனிக்கு வலை அடிப்பது அதைவிடச் செலவு குறைவு.

குட்டிகள் விஷயத்தில் வேறொரு கொடுமை நடக்கிறது. தாயில்லாத குட்டியைத் தெருவிலிருந்து எடுத்து வந்து, கைக்குழந்தையைப் போல் மல்லாக்கப் படுக்க வைத்து, மை ஊற்றும் ஃபில்லரால் பசும்பாலைப் பீச்சுகிறார்கள். பால் மூக்கு வழியாக வந்தால் நுரையீரலுக்குள்ளும் போயிருக்கும். இரண்டு நாளில் நிமோனியா. குட்டி எப்போதும் குப்புறப் படுத்துத்தான் குடிக்க வேண்டும், தாயிடம் குடிப்பது மாதிரியே. குட்டிகளுக்கான பால்பொடியைக் கரைத்து, அது உறிஞ்சும் வேகத்துக்குக் கொடுங்கள். உடம்பு சில்லென்று இருக்கும் குட்டிக்கு முதலில் சூடு. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் போதும். சூடேறிய பிறகுதான் பால்.

பச்சைக் கோழி கொடுப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 2024 டிசம்பர் கடைசியில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. காரணம் எச்5என்1 பறவைக் காய்ச்சல். அடுத்த மாதமே மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. வேகவைத்தால் வைரஸ் செத்துவிடும். கோழியை வேகவைத்தே கொடுங்கள்.

கூடையும் ஊசியும்

திணறும் பூனையைக் கட்டைப்பையில் போட்டு, பைக்கில் நடுவே வைத்து, எதிர்க்காற்றில் கொண்டுபோவதைத் தினமும் பார்க்கிறோம். பாதி உயிர் வழியிலேயே போய்விடும். காற்றோட்டமுள்ள கூடையோ கேரியரோ, உள்ளே அதன் வாசனை பழகிய துண்டு ஒன்று, மேலே ஒரு மெல்லிய துணி, ஆட்டோவோ காரோ. இழுத்துப் பிடித்துத் தடவிக்கொடுப்பது, தண்ணீர் புகட்டுவது எதுவும் வேண்டாம். கிளம்பும்போதே மருத்துவமனைக்குப் போன் செய்து, ‘பூனைக்கு மூச்சுத் திணறல், ஆக்சிஜன் வேண்டும், வந்துகொண்டிருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். போனதும் நேரே எக்ஸ்ரே மேஜையில் கிடத்தச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். நல்ல மருத்துவர் முதலில் ஆக்சிஜன் பெட்டிக்குள் வைத்து, அது ஆசுவாசமான பிறகே தொடுவார். அந்தக் காத்திருப்பும் சிகிச்சைதான். பரிசோதனைக்காகப் போராடும் சில நிமிடங்களிலேயே இறந்துபோகும் பூனைகள் உண்டு.

தடுப்பூசியைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. ஹெர்பீஸ், கலிசி, பூனைப் பார்வோ மூன்றுக்கும் சேர்ந்த ஊசியைக் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பதினாறாவது வாரம் வரை போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஊக்க ஊசி. ஊசி போட்ட பூனைக்கும் சளி வரலாம், ஆனால் படுக்கையில் தள்ளாது. ‘வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு எதற்கு?’ என்பவர்களின் செருப்பிலும் சட்டையிலுமே கலிசி வீட்டுக்குள் வந்துவிடும்.

சென்னையில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 1989இல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் கண்ட மாநிலம் இது. பெரிய ஊர்களில் இருப்பவர்களுக்கு நல்ல மருத்துவம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. சின்ன ஊர்களின் கால்நடை மருந்தகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்குமாக அமைந்தவை. அங்கே திணறும் பூனைக்கு ஆக்சிஜன் கிடைப்பது அரிது. சிறு பிராணிகளுக்கென்று ஒரு ஆக்சிஜன் பெட்டி பெரிய செலவில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அரசு கால்நடை மருத்துவமனையிலாவது அது இருபத்து நான்கு மணி நேரமும் இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

அது வரும்வரை பொறுப்பு நம்முடையது. உங்கள் ஊரில், அல்லது பக்கத்து ஊரில், இரவில் பூனையைப் பார்க்கும் மருத்துவமனை எது, அங்கே ஆக்சிஜன் இருக்கிறதா என்று இன்றே விசாரித்து, எண்ணைக் கைபேசியில் பதிந்துவையுங்கள். தூங்கும் பூனையின் மூச்சு 40ஐத் தாண்டினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த எண்ணை அழையுங்கள்.